பயிற்சி இலவசம்தாங்க, அன்னைக்கு கூலிய யார் குடுப்பாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

நான் சேலத்துல குகைங்கிற பகுதியில இருந்து எழுதுறேன். போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு செய்தி வந்துச்சு, தொழில் பயிற்சிய இலவசமா குடுத்தும் சேர ஆள் வர்றதில்ல, சீட்டு காலியா கெடக்குதுன்னு. அதுல ஒருத்தர் இந்தக் காலத்துப் பசங்களுக்கு உழைக்கிற எண்ணமே இல்லன்னு சொல்லியிருந்தார். படிச்சதுல இருந்து மனசு ஆறலைங்க. ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டிட்டு காலைல ஆறு மணிக்கு தலையெல்லாம் பஞ்சுத் தூசியோட, கண்ணு செவந்துபோய் டீக்கடையில வந்து நிக்கிற பசங்கள தினமும் பாக்குறேன். அவங்களப் போய் உழைக்கிற எண்ணம் இல்லன்னு சொல்ல எப்படி மனசு வந்துச்சோ தெரியல.

நான் 22 வருஷமா தார் சுத்துறவ, தறிக்குப் போடுற குச்சியில நூல் சுத்திக் குடுக்குற வேலைங்க. எங்க வீட்டுக்காரர் தறி ஓட்டுறார், சொந்தத் தறி இல்லைங்க, கூலிக்குத்தான். பொண்ணு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி செலவுன்னு தறிக்காரர்கிட்ட 40,000 அட்வான்ஸ் வாங்கினோம். தறி வேலையில அட்வான்ஸ்னா என்னன்னு அந்த வேலை பாக்குறவங்களுக்குத்தான் தெரியும், வாராவாரம் கூலியில கொஞ்சம் புடிப்பாங்க, நடுவுல ஒரு காய்ச்சல் வந்தா மறுபடி வாங்குவோம், கணக்கு முடியவே முடியாது, அது முடியுற வரைக்கும் வேற எடத்துக்குப் போகவும் முடியாது. அந்தக் கணக்க சீக்கிரம் தீக்கணும்னுதான் பத்தாவது பெயிலான பெரியவனையும் தறிக்கு அனுப்புனோம். அப்ப அவனுக்கு 17 வயசு.

இப்ப நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க. அவன் நாளைக்கு 450 ரூபா கொண்டு வந்தான். பகல் நேரப் பயிற்சி மூணு மாசம்னா எங்க வீட்டுக்கு அது 35,000 ரூபா. பயிற்சி இலவசம், யூனிபார்ம் இலவசம், புக்கு இலவசம், எல்லாம் சரிதான், ஆனா அந்த 35,000 எங்க இருந்து வரும்? அவன் படிச்சுட்டு இருக்குறப்ப அரிசிக் கடைக்காரர் சும்மா குடுப்பாரா, வாடகை நிக்குமா. பொம்பளப் புள்ளைங்களுக்கு 2021-ல இருந்து டவுன் பஸ்ஸுல டிக்கெட் இல்ல, அது உண்மையிலேயே பெரிய உதவி, என் தங்கச்சி பொண்ணே அதாலதான் காலேஜ் முடிச்சா. ஆம்பளப் பையன் ரெண்டு பஸ் மாறிப் போறதா இருந்தா தினமும் அந்தக் காசையும் சேத்து வைக்கணும்.

இருந்தும் ஒரு தடவ அனுப்புனோம்ங்க. ஏசி மெக்கானிக் பயிற்சி, மூணு மாசம், முடிச்சதும் வேலை கேரண்டின்னு ஒரு எடத்துல சொன்னாங்க. எடத்தோட பேரு வேணாம். அவங்க அப்பா இன்னும் 15,000 அட்வான்ஸ் வாங்கித்தான் அந்த மூணு மாசத்த ஓட்டுனோம். அங்க ஒரே ஒரு ஏசி பெட்டி செவுத்துல மாட்டி இருந்துச்சாம், அதோட பிளாஸ்டிக் கவரைக்கூட கடைசி வரைக்கும் பிரிக்கலயாம். காலைல போனதும் விரல் வச்சு அட்டெண்டன்ஸ், அப்புறம் டிவியில வீடியோ, மத்தியானம் தூக்கம். ஆபீசர் வர்ற அன்னைக்கு மட்டும் எல்லாருக்கும் ஸ்குரூ டிரைவர் குடுத்து போட்டோ எடுத்தாங்க. சர்டிபிகேட் குடுத்தாங்க, ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில சேத்தும் விட்டாங்க. சம்பளம் 9,000. அதுல ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் 5,500 போயிடும். அங்கயும் ஏசி வேலை இல்ல, பெட்டி தூக்குற வேலை. ரெண்டே மாசத்துல இளைச்சுப் போய் திரும்பி வந்தான். வேலைக்கு சேந்தாச்சுன்னு எழுதி கையெழுத்து வாங்கிட்டுப் போனவங்க, ஏன்பா திரும்பி வந்தேன்னு ஒரு போன் பண்ணலைங்க. அந்த அட்வான்சையும் சேத்து மறுபடி தறியில நின்னான். எங்க தெருவுல நாலஞ்சு பேர் கதை இதேதான். அதுக்கப்புறம் பயிற்சின்னு நோட்டீஸ் குடுக்க வந்தா யாரு வாங்குவா சொல்லுங்க.

எங்க தெருவுல ஒரு சாயங்கால மையம் நடக்குது, அதைப் பத்தி சொல்லத்தான் முக்கியமா இந்த லெட்டரே. ரிட்டயர்டு ஐ.டி.ஐ. வாத்தியார் ஒருத்தரும் மகளிர் குழு அக்காங்க ரெண்டு பேரும் சேந்து ஆரம்பிச்சது. ஒரு வீட்டு மொட்டை மாடி, மேல தகர ஷீட்டு, ரெண்டு டியூப் லைட்டு, அவ்ளோதான் எடம். வேலை முடிச்சு வர்ற பசங்களுக்காக ராத்திரி ஏழு மணியில இருந்து ஒன்பது வரைக்கும் கிளாஸ். ஒரு பக்கம் வயரிங்கும், மோட்டாருக்குள்ள கம்பி சுத்துற வைண்டிங்கும், இன்னொரு பக்கம் பொண்ணுங்களுக்கு தையலும் ஆரி எம்பிராய்டரி வேலையும், கீழ வாசல்ல பத்தாவது பெயிலானவங்களுக்கு துணைத்தேர்வுக்கு டியூஷன். ஆரம்பத்துல யாரும் வரலைங்க. வாத்தியார் ஒரு கேரம் போர்டு வாங்கிப் போட்டார். கேரம் ஆட வந்த பசங்கதான் மெதுமெதுவா அந்தப் பக்கம் எட்டிப் பாக்க ஆரம்பிச்சாங்க. அந்த நேரத்துக்கு முன்னாடியெல்லாம் சுடுகாட்டுப் பக்கம் இருட்டுல உக்காந்து என்னென்ன பழக்கம் பழகுனாங்கன்னு தெருவுல இருக்குற ஒவ்வொரு அம்மாவுக்கும் தெரியும், சொல்ல வாய் வராது.

என் பையன் மொத நாள் போனப்ப நானும் மாடிப்படியில நின்னு பாத்தேன். வாத்தியார் ஒரு பழைய சீலிங் பேன கழட்டி, கருகிப் போன காயிலயெல்லாம் வெட்டி எடுத்துட்டு, எனாமல் செம்புக் கம்பியக் கையில குடுத்து சுத்துடான்னார். அவன் சுத்துனத பாத்துட்டு அந்த மனுஷன் அப்படியே நின்னுட்டார். ஒரு சுத்து மேல இன்னொரு சுத்து ஏறல, கம்பி எங்கயும் தொய்யல, எண்ணிக்கையும் தப்பல. எங்கடா கத்துக்கிட்டேன்னு கேட்டார். எட்டு வயசுல இருந்து எங்கூட உக்காந்து தார் சுத்துன கை சார் அது. தறியில நீளவாக்குல ஓடுற பாவு நூல் அறுந்தா கண்ண மூடிக்கிட்டு முடிச்சுப் போடுற கை. அதுக்கு ஒரு மதிப்பு இருக்குன்னு அன்னைக்குத்தான் அவனுக்குத் தெரிஞ்சுது, எனக்கும்தான். கொலுசுப் பட்டறையில இருந்து வர்ற பசங்களும் அப்படித்தாங்க, வெள்ளிய ஒட்ட வைக்க பொடி வச்சு ஊதி ஊதி பத்த வச்சுப் பழகுன கை, விரல் நுனியெல்லாம் தீக்காயம், ஆனா சர்க்யூட் போர்டுல சால்டரிங் பண்ணச் சொன்னா அவ்ளோ சுத்தமா வைப்பாங்க. இன்னொன்னும் சொல்லணும், தறியில நிக்கிறவங்க எல்லாருமே சத்தமாத்தான் பேசுவோம், தறி சத்தத்துல வேற எப்படிப் பேசுறது. கஸ்டமர் வீட்டுக்குப் போனா கத்துறானே சண்டைக்கு வர்றானான்னு நெனைப்பாங்கன்னு வாத்தியார் ஒரு மாசம் பூரா பசங்களுக்கு மெதுவா பேசக் கத்துக் குடுத்தார். இதெல்லாம் எந்த சிலபஸ்லங்க இருக்கு.

எட்டு மாசம் ஆச்சு அவன் கத்துக்க. அதுவரைக்கும் பகல்ல தறிதான், ஒரு நாள் கூலியும் போகல. அப்புறம் மையத்துக்காரங்களே தறிக்காரர்கிட்ட உக்காந்து பேசி, மிச்ச அட்வான்ஸ எவ்ளோன்னு பேப்பர்ல எழுதி, வாரம் இவ்ளோன்னு கட்டி முடிக்கிற மாதிரி பண்ணுனாங்க. தறிக்காரரும் நல்ல மனுஷன்தான், அவருக்கும் கரண்ட் பில்லு நூல் விலைன்னு ஆயிரம் கஷ்டம், நேர்ல உக்காந்து பேசுனா ஒத்துக்கிட்டார். இப்ப பையன் ஒரு வைண்டிங் கடையில இருக்கான், மாசம் 16,000. டேபிள் பேன், மிக்சி, போர்வெல் மோட்டார் எல்லாம் சுத்துறான். போன ஆடியில எங்க குகை மாரியம்மன் திருவிழாவுல நடக்குற வண்டி வேடிக்கைங்கிற அலங்கார வண்டி ஊர்வலத்துல மூணு வண்டிக்கு சீரியல் லைட் போட்டது எங்க மையத்துப் பசங்கதான். சாமி வேஷம் போட்டவங்க வண்டியில நிக்க, பின்னாடி பசங்க ஜெனரேட்டர புடிச்சுக்கிட்டு வர, தெருவே நின்னு பாத்துச்சு. மூணு வண்டியில ஒரு பல்பு அணையல.

மையத்துக் கமிட்டியில ஒன்பது பேரு. அதுல மூணு பேரு கட்டாயம் தறி, கொலுசு, கூலி வேலைன்னு போறவங்களா இருக்கணும்னு மொதல்லயே வச்சுட்டாங்க, அதுல நானும் ஒருத்தி. முதல்ல நான் என்னத்த பேசப் போறேன்னு கூச்சமா இருந்துச்சு. ஆனா சனிக்கிழமை கிளாஸ்னு அவங்க போட்டப்ப நான்தான் சொன்னேன், சனிக்கிழமை கூலி நாளு, பசங்க கணக்கு வாங்க நிப்பாங்க, வீட்டுல கடை கண்ணிக்குப் போகணும், ஒருத்தனும் வர மாட்டான்னு. திங்கக்கிழமைக்கு மாத்துனாங்க, கூட்டம் வந்துச்சு. தீபாவளிக்கு முன்னாடி ஒரு மாசம் தறியில ஓவர்டைம் ஓடும், அப்ப புதுசா ஆள் சேக்காதீங்கன்னு சொன்னேன், கேட்டுக்கிட்டாங்க. படிச்சவங்க ரூமுக்குள்ள உக்காந்து டைம் டேபிள் போட்டா இது எப்படிங்க தெரியும்.

தங்கச்சி பொண்ணு காலேஜ் முடிச்சான்னு சொன்னேன்ல, அவ சோசியல் ஒர்க்தான் படிச்சா, இதைக் கேட்டுட்டு ஒண்ணு சொன்னா. அமெரிக்காவுல 1964-ல ஜான்சன்னு ஒருத்தர் பிரசிடெண்டா இருந்தப்ப வறுமைய ஒழிக்கணும்னு சட்டம் போட்டு, ஊருக்கு ஊரு இந்த மாதிரி அமைப்புகள் ஆரம்பிச்சாங்களாம், தொழில் பயிற்சி, எளவட்டங்களுக்கு வேலை, சின்னப் புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம்னு எல்லாம் அதுல உண்டாம். ரெண்டு மூணு வருஷத்துல அதை சட்டத்துலயே எழுதிட்டாங்களாம், அந்த அமைப்போட போர்டுல மூணுல ஒரு பங்கு ஏழைங்க சார்புல வந்தவங்க இருக்கணும்னு. இன்னைக்கும் அந்த அமைப்புங்க ஆயிரத்துக்கு மேல நடக்குதாம். எங்களுக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாதுங்க. பசிக்கிறவங்கள கேக்காம பந்தி போட்டா இலைதான் வீணாகும்னு எங்க மாமியா சொல்லுவாங்க, அது மட்டும்தான் தெரியும்.

நம்ம ஊர்லயும் இது புதுசு இல்லைங்க. மகளிர் குழு 1989-ல தர்மபுரியில ஆரம்பிச்சு கொஞ்ச வருஷத்துலயே நம்ம சேலத்துக்கும் வந்துச்சு. அது ஏன் இத்தன வருஷம் நெலச்சு நின்னுச்சு? பொம்பளைங்க அவங்க தெருவுல, அவங்க வாசல்ல, அடுப்பு வேலை முடிஞ்ச நேரத்துல உக்காந்ததாலதான். கலெக்டர் ஆபீசுக்கு தினமும் பத்து மணிக்கு வாங்கன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

இன்னொரு தங்கச்சிய ஏற்காட்டுல கட்டிக் குடுத்திருக்கோம், அவ வீட்டுக்காரர் காபி எஸ்டேட்ல டிரைவர். அங்க இன்னும் மோசம்ங்க. கார்த்திகையில இருந்து மாசி வரைக்கும் காபி பழம் பறிக்கிற சீசன், அது முடியுற நேரத்துல மொளகு. வருஷத்துல கையில காசு பாக்குறதே அந்த நாலு மாசம்தான், மலைக் கிராமத்துல இருந்து குடும்பத்தோட வந்து பறிப்பாங்க. ஒரு வருஷம் சரியா ஜனவரியில தையல் பயிற்சின்னு போட்டாங்க. ஒரு பொண்ணும் வரல. மலைவாழ் மக்களுக்கு ஆர்வம் இல்லன்னு சொல்லிட்டு மெஷின்களைத் திருப்பி எறக்கிட்டுப் போயிட்டாங்களாம். அதையே சித்திரை வைகாசியில வச்சிருந்தா எடம் பத்தாம நின்னிருப்பாங்கன்னு தங்கச்சி சொல்றா. கீழ சேலத்துல வந்து படிக்கலாம்னா 20 கொண்டை ஊசி வளைவு எறங்கணும், ஏறணும், ஏற்காட்டுல இருந்து உள்ள கிராமத்துக்கு பஸ் போயிடுச்சுன்னா அப்புறம் காட்டு வழியில நடைதான். வயசுப் பொண்ண அப்படி எந்த அம்மா அனுப்புவா.

கவர்ன்மெண்ட் ஒண்ணும் பண்ணலன்னு நான் சொல்ல வரலைங்க, அப்படிச் சொன்னா அது பாவம். ஐ.டி.ஐ. படிக்கிற புள்ளைங்களுக்கு மாசம் 750 ரூபா குடுக்குறாங்க, சைக்கிள், பஸ் பாஸ், யூனிபார்ம் எல்லாம் உண்டு. கவர்ன்மெண்ட் ஸ்கூல்ல படிச்சுட்டு மேல படிக்கிற பொண்ணுங்களுக்கு 2022-ல இருந்து புதுமைப்பெண், பசங்களுக்கு 2024-ல இருந்து தமிழ்ப்புதல்வன், மாசம் 1,000 அக்கவுண்டுல விழுது, ஐ.டி.ஐ.-க்கும் அது உண்டு. எட்டாவது படிச்சிருந்தா சேரக்கூடிய தொழில் பிரிவும் ஐ.டி.ஐ.-யில இருக்குது. எங்க தெருவுல பாதிப் பேருக்கு இது தெரியாதுங்க, மையத்துக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, அப்படியே இது வரைக்கும் ஆறு பேர ஐ.டி.ஐ.-யில சேத்திருக்கோம். அப்புறம் பேங்க்காரங்க நடத்துற சுயதொழில் பயிற்சி நிலையம்னு மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு வச்சிருக்காங்க, 1982-ல கர்நாடகாவுல தர்மஸ்தலா பக்கத்துல உஜிரேன்னு ஒரு ஊர்ல ஆரம்பிச்சதப் பாத்து நாடு முழுக்க கொண்டு வந்தது. தங்க எடம், சாப்பாடு எல்லாம் குடுத்து சொல்லிக் குடுப்பாங்க. அதுல எனக்குப் புடிச்சது என்னன்னா, பயிற்சி முடிஞ்சப்புறம் ரெண்டு வருஷம் கூடவே இருந்து லோன் வாங்க, தொழில் ஆரம்பிக்க பாத்துக்கணும்னு வச்சிருக்காங்க. என் பையன ஓசூருக்கு அனுப்புனவங்களுக்கு இப்படி ஒரு கட்டாயம் இருந்திருந்தா அவனுக்கு ஒரு வருஷம் வீணாகியிருக்காது.

எத்தன பேருக்கு சர்டிபிகேட் குடுத்தோம்னு கணக்கு காட்டுறாங்க. ஒரு வருஷம் கழிச்சு அதுல எத்தன பேர் அதே வேலையில இருக்காங்க, கையில எவ்ளோ மிஞ்சுதுன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல. உங்க நிருபர் தம்பிங்க அடுத்த தடவ எழுதும்போது அதக் கேட்டு எழுதணும். 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற கம்பெனி, வேலை பாத்துக்கிட்டே கத்துக்குற அப்ரண்டிஸ் ஆளுங்கள எடுத்து மாசாமாசம் உதவித்தொகை குடுக்கணும்னு சட்டம் இருக்குதுன்னு எங்க வாத்தியார் சொல்வார், 1961-லயே வந்த சட்டமாம். வேலை பாத்துக்கிட்டே கத்துக்குறதுதான் எங்க மாதிரி வீட்டுக்கு ஒத்து வரும். நம்ம ஊருல எத்தன எடத்துல அப்படி எடுக்குறாங்கன்னும் கொஞ்சம் விசாரிச்சு எழுதுங்க.

கவர்ன்மெண்ட் பயிற்சியிலயும் ஒரு சாயங்கால பேட்ச் வைங்க. இல்ல பகல்லதான் முடியும்னா, அன்னைக்கு கூலியில பாதியாவது வாராவாரம் கையில குடுங்க, கோர்ஸ் முடிஞ்சப்புறம் மொத்தமா அக்கவுண்டுல போடுறோம்னா அதுவரைக்கும் வீட்டுல அடுப்பு எரியாது.

இத இப்ப அவசரமா எழுதுறதுக்குக் காரணம் இருக்குது. எங்க மையம் நடக்குற வீட்ட ஓனர் விக்கிறார். அவர் மேல ஒரு குத்தமும் இல்ல, இத்தன வருஷம் மாடிய வாடகை இல்லாம குடுத்தார், பொண்ணு கல்யாணத்துக்குத்தான் விக்கிறார். தைக்குள்ள காலி பண்ணணும். இப்ப 43 பேர் வர்றாங்க, அதுல 19 பொண்ணுங்க, தூரமா எடம் பாத்தா அந்தப் பொண்ணுங்க வீட்டுல ராத்திரி அனுப்ப மாட்டாங்க. எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு சமுதாயக் கூடம் இருக்குது. முகூர்த்த நாள்ல மட்டும் தெறப்பாங்க, மத்த நாளெல்லாம் பூட்டித்தான் கெடக்குது, உள்ள லைட்டு இருக்கு, பாத்ரூம் இருக்கு, தண்ணி இருக்கு. முகூர்த்தம் இல்லாத நாள்ல ராத்திரி ரெண்டு மணி நேரம் குடுங்க, கரண்ட் பில்ல நாங்களே கட்டுறோம், கூட்டிப் பெருக்கி வைக்கிறோம்னு மனு எழுதி குடுத்தோம். நாலு மாசம் ஆச்சு, ஒரு பதிலும் வரலைங்க. பேப்பர்ல வந்தா யாராவது பாப்பாங்கன்னுதான் உங்களுக்கு எழுதுறேன்.

உங்க நிருபர் தம்பி யாராவது வர்றதா இருந்தா திங்கக்கிழமை ஏழரை மணிக்கு மேல வரச் சொல்லுங்க, அன்னைக்குத்தான் வைண்டிங் கிளாசும் தையலும் ஒண்ணா நடக்கும். மையத்த மொதல்ல பாக்கட்டும், அப்புறம் அந்தப் பூட்டுன கூடத்துக்கு நானே நடந்து கூட்டிட்டுப் போய் காட்டுறேன், ரெண்டு தெருதான்.

இப்படிக்கு,
தார் சுத்துற ஒரு அம்மா,
குகை, சேலம்.